மிங் வம்சம் கதவை மூடியதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் சீன வரலாறு பற்றி மூன்று மாலைகள் பேசினேன். பேச்சு முடிந்தது, கேள்விகள் முடியவில்லை. வீட்டு வாசலில், தேநீர்க் கடையில், திருமணப் பந்தியில் என்று போகிற இடமெல்லாம் மிங் வம்சம் பற்றி அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே பதிலைப் பத்து முறை சொல்வதைவிட ஒரு முறை எழுதிவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன். சீனப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலி சற்று முன்பின்னாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிங் என்பது ஒரு மன்னரின் பெயரா?

இல்லை. 'மிங்' என்றால் ஒளி. ஆட்சிக்கு வைத்த பெயர் அது. ஆண்ட குடும்பத்தின் பெயர் ஜூ. 1368 முதல் 1644 வரை 276 ஆண்டுகளில் 16 பேரரசர்கள் இருந்தார்கள். இவர்களுக்கு முன் ஆண்ட யுவான் வம்சம் மங்கோலியருடையது, பின் வந்த சிங் வம்சம் வடகிழக்கிலிருந்து வந்த மஞ்சுக்களுடையது. ஆகவே பெரும்பான்மை ஹான் சீனர்களிலிருந்து வந்த கடைசி அரச வம்சம் மிங்தான்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஹோங்வூ, யோங்லெ, வான்லி என்று நாம் சொல்பவை ஆட்களின் பெயர்கள் அல்ல. நம் பஞ்சாங்கத்தில் பிரபவ, விபவ என்று ஆண்டுக்குப் பெயர் இருக்கிறதல்லவா? அங்கே ஓர் அரசரின் ஆட்சிக்காலம் முழுவதற்கும் அப்படி ஒரு பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயராலேயே அரசரையும் அழைக்கிறோம்.

பிச்சை எடுத்தவர் பேரரசர் ஆனார் என்கிறார்களே, அது கட்டுக்கதைதானே?

உண்மைதான். ஜூ யுவான்ஜாங் 1328ல் இன்றைய அன்ஹுய் மாகாணத்தில் நிலமற்ற உழவர் வீட்டில் பிறந்தார். 1344ல் வறட்சியும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தபோது பெற்றோரும் மூத்த அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். புதைக்க நிலம்கூட இல்லை. பதினாறு வயதுப் பையன் ஒரு பௌத்த மடத்தில் சேர்ந்தான். மடத்திலும் சோறு தீர்ந்தது. திருவோட்டோடு ஊர் ஊராக அலைந்தான்.

1352ல் மங்கோலியருக்கு எதிரான செந்தலைப்பாகைக் கலகக்காரர்களோடு சேர்ந்தார். தலைவனின் வளர்ப்பு மகளை மணந்தார். 1356ல் நான்ஜிங் நகரைப் பிடித்தார். அவருடைய பெரிய போர்கள் மங்கோலியரோடு அல்ல, சக கலகத் தலைவர்களோடுதான் நடந்தன. 1363ல் போயாங் ஏரியில் சென் யூலியாங்கின் கப்பற்படையை முறியடித்ததுதான் திருப்புமுனை. 1368ல் நான்ஜிங்கில் முடிசூடினார். அதே ஆண்டு அவருடைய படை வடக்கே போனபோது மங்கோலிய அரசர் தலைநகரை விட்டு ஸ்டெப்பிப் புல்வெளிக்கு ஓடிவிட்டார்.

இந்தப் பையனின் பசியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்கள் அங்கேதான் போய் நிற்கும்.

ஏழையாகப் பிறந்தவர் ஏன் இத்தனை பேரைக் கொன்றார்?

யாரையும் நம்பவில்லை என்பதே குறுகிய பதில். 1380ல் தலைமை அமைச்சர் ஹூ வெய்யோங் சதி செய்தார் என்று கூறி அவரைக் கொன்றார். அந்த வழக்கின் வால் பத்தாண்டுக்கு மேல் நீண்டது. 1393ல் தளபதி லான் யூவின் முறை. அந்த ஒரு வழக்கில் மட்டும் சுமார் 15,000 பேர் மாண்டார்கள்.

கொலைகளைவிட நீடித்த சேதம் வேறொன்று. தலைமை அமைச்சர் பதவியையே அவர் ஒழித்துவிட்டார். இனி எல்லாக் கோப்பும் அரசரிடமே வரவேண்டும். 1384ல் ஒரு முறை எட்டு நாட்களில் 1,660 மனுக்கள், அவற்றில் 3,391 விவகாரங்கள் அவர் முன் வந்ததாகக் கணக்கு இருக்கிறது. அவர் அசராமல் உட்கார்ந்து பார்த்தார். ஆனால் அப்படி உழைக்கும் பேரன், கொள்ளுப்பேரன் எல்லாத் தலைமுறையிலும் பிறப்பானா? அதோடு, சந்ததியினருக்கு ஒரு விதி நூலும் எழுதி வைத்தார். தலைமை அமைச்சர் பதவியை மீண்டும் கொண்டுவரச் சொல்பவனுக்கு மரண தண்டனை என்பது அதில் ஒரு விதி. வரியின் அளவும் இளவரசர்களின் மானியமும்கூட அவர் காலத்தில் வகுத்தவைதான்.

சித்தப்பா அண்ணன் மகனைக் கவிழ்த்த கதை என்ன?

பட்டத்து இளவரசர் 1392லேயே இறந்துவிட்டதால், 1398ல் தாத்தாவுக்குப் பின் பேரன் ஜியன்வென் அரியணை ஏறினார். எல்லைகளில் படையோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாக்களின் பல்லைப் பிடுங்க அவர் முயன்றார். பெய்ஜிங்கில் இருந்த சித்தப்பா ஜூ தி 1399ல் கலகம் செய்து 1402ல் நான்ஜிங்கைப் பிடித்தார். அரண்மனை எரிந்தது. இளம் அரசர் நெருப்பில் இறந்தாரா, துறவியாகத் தப்பினாரா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

ஜூ தி யோங்லெ பேரரசர் ஆனார். பட்டத்தைப் பறித்தவர் என்ற பழி கழுத்தில் இருந்ததால், தன் ஆட்சிதான் சரியானது என்பதை உலகுக்குக் காட்டிக்கொண்டே இருக்கவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அவர் காலத்தில் 2,000க்கும் மேற்பட்ட அறிஞர்கள் தொகுத்த கலைக்களஞ்சியம் 11,095 தொகுதிகள் கொண்டது. மாளிகை, கலைக்களஞ்சியம், கப்பல் என்று அவர் எதையும் சிறிதாகச் செய்யவில்லை.

தலைநகரை ஏன் பெய்ஜிங்குக்கு மாற்றினார்கள்?

அது யோங்லெயின் சொந்தத் தளம். மங்கோலிய எல்லைக்கும் பக்கம். 1406ல் உத்தரவு, 1420ல் அரண்மனை நகரம் தயார், 1421ல் தலைநகர் மாற்றம். அதே ஆண்டு இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்கள் எரிந்தது தனிக் கதை.

சோறு தெற்கே விளைகிறது, அரசு வடக்கே உட்காருகிறது. ஆகவே பெருங்கால்வாயைச் சீரமைத்து, 1415 முதல் தானியத்தைப் படகில் கால்வாய் வழியே கொண்டுபோனார்கள். கடல் வழியே தானியம் அனுப்பும் வேலை நின்றது. அரசுக்குப் பெரிய கடற்கலம் தேவைப்பட்ட அன்றாடக் காரணம் ஒன்று அங்கே போய்விட்டது.

கப்பல் தளபதி ஜெங் ஹே அரண்மனை அண்ணகராமே?

ஆம். ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களையே அண்ணகர் என்கிறோம். ஜெங் ஹே 1371ல் யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மிங் படை அந்தப் பகுதியைக் கைப்பற்றியபோது சிறுவனாகப் பிடிபட்டு, அண்ணகராக்கப்பட்டு, ஜூ தியின் பணிக்கு அனுப்பப்பட்டார். கலகத்தில் அரசரோடு நின்றார். அரசர் ஆனவர் அவரை மறக்கவில்லை.

1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். தென்கிழக்காசியா, இலங்கை, கோழிக்கோடு, ஹோர்முஸ், அரேபியக் கரை, ஆப்பிரிக்காவின் மொகாதிஷு, மலிந்தி வரை அந்தக் கப்பல்கள் போயின. 1414ல் வங்காளத்திலிருந்து அரசருக்கு ஓர் ஒட்டகச்சிவிங்கி வந்தது. நல்லாட்சி நடக்கும்போது மட்டும் தோன்றும் புராண விலங்கு இதுதான் என்று அரசவைக்காரர்கள் புகழ்ந்து தள்ளினார்கள். பட்டத்தைப் பறித்தவருக்கு இதைவிட இனிய பரிசு கிடைக்குமா?

கொலம்பஸ் கப்பலைவிடப் பத்து மடங்கு பெரியவையாமே?

ஆள் கணக்கைப் பார்த்தாலே போதும். ஜெங் ஹேயின் முதல் பயணத்தில் சுமார் 27,000 பேர். 1492ல் கொலம்பஸோடு போனவர்கள் மூன்று கப்பலில் சுமார் 90 பேர். ஆனால் சீன நூல்கள் சொல்லும் 120 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க மாட்டேன். மரத்தாலான கலம் அந்த நீளத்தில் கடல் அலையில் முறுக்கிக்கொள்ளும். அதில் பாதியளவே இருந்திருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. பாதியானாலும் பெரிய கப்பல்தான்.

அவர் அமெரிக்காவுக்கும் போனார் என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. அதற்குச் சான்று இல்லை. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

தமிழ்நாட்டுக்கு வந்தாரா?

சீனப் பதிவுகளில் வரும் ஊர்களில் பாண்டிய நாட்டுக் காயலும் ஒன்று. ஆனால் தமிழோடு உள்ள உறுதியான தொடர்பு இலங்கையில் இருக்கிறது. அங்கே காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, நான்ஜிங்கிலேயே வெட்டிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கையை அறிவிக்கிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய் என்று போகும். யாருக்கும் குறை வைக்காத ராஜதந்திரம்! இந்துமாக்கடல் துறைமுகங்களில் பேச வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்று சீன அரசவைக்குத் தெரிந்திருந்தது.

கை கூப்பிய அதே ஜெங் ஹே, அடுத்த முறை வாளையும் எடுத்தார். உள்ளூர் ஆட்சியாளர் அழகக்கோனாரோடு மோதல் வந்து, அவரைச் சிறைபிடித்து 1411ல் சீனாவுக்குக் கொண்டுபோனார். ஆகவே இந்தப் பயணங்களை அமைதி யாத்திரை என்று மட்டும் புகழ்வதும் சரியில்லை. கல்வெட்டு 1911ல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு பெரிய கப்பற்படையை ஏன் நிறுத்தினார்கள்? எரித்துவிட்டார்களாமே?

ஒரு நாள் உத்தரவில் எல்லாவற்றையும் கொளுத்தினார்கள் என்பது நாடகத்துக்கு நன்றாக இருக்கும். நடந்தது மெதுவான கைவிடல். 1424ல் யோங்லெ மங்கோலியர் மீது படையெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் இறந்தார். மகன் பயணங்களை நிறுத்தினார். பேரன் ஒரே ஒரு முறை, 1431–33ல் அனுப்பினார். ஜெங் ஹேயும் அந்தக் காலத்தோடு மறைந்தார். பிறகு யாரும் அனுப்பவில்லை. கப்பல்கள் துறையில் கிடந்து மக்கின.

காரணங்கள் எளியவை. இந்தப் பயணங்கள் வாணிப லாபத்துக்காகப் போனவை அல்ல. வெளிநாட்டு அரசர்கள் கப்பம் கட்டினால், அதைவிட அதிகமாகப் பரிசு கொடுத்து அனுப்புவது மரபு. செலவு கருவூலத்துக்கு, புகழ் அரசருக்கு. அதே காலத்தில் வியட்நாமில் இருபது ஆண்டு ஆக்கிரமிப்பு தோல்வியில் முடிந்து 1427ல் படை திரும்பியது. வடக்கே மங்கோலியர் தொல்லை. கால்வாய் விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன். தேர்வெழுதிப் பதவிக்கு வந்த அதிகாரிகளுக்கு, அண்ணகர்கள் நடத்திய இந்தக் கப்பல் விவகாரமே பிடிக்கவில்லை.

அப்படியானால் அன்றிலிருந்து சீனா கதவை மூடிக்கொண்டது, சரிதானே?

இதுதான் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விஷயமும் இதுதான். கடல் தடை 1433ல் வந்ததல்ல. 1371லேயே, பிச்சைக்கார வாழ்வைக் கண்ட அந்த முதல் பேரரசரே கொண்டுவந்தார். 'ஒரு பலகைகூடக் கடலில் இறங்கக் கூடாது' என்பது அந்த விதியைக் குறிக்கப் பின்னால் எழுதிய வாசகம். ஜெங் ஹே கடலில் இருந்த 28 ஆண்டுகளிலும் அந்தத் தடை அமலில்தான் இருந்தது! அரசின் கப்பல் போகலாம். குடிமகனின் படகு போகக் கூடாது. வெளிநாட்டவர் வரலாம், ஆனால் கப்பம் கொண்டுவரும் தூதராக, அரசு குறித்த துறைமுகத்தில், குறித்த ஆண்டில்.

ஆகவே அது உலகத்துக்கு எதிராக அடைத்த கதவு அல்ல. சொந்தக் கரையோர மக்களின் காலில் கட்டிய கயிறு. உழவன் நிலத்தில் இருக்கவேண்டும், படைவீரனின் மகன் படைவீரனாக இருக்கவேண்டும், கைவினைஞன் மகன் கைவினைஞனாக இருக்கவேண்டும் என்று குடும்பங்களைப் பதிவேட்டில் எழுதிக் கட்டிப்போட்டவர் அவர். பஞ்சத்தில் அலைந்தவருக்கு, அலையாமல் ஒரே இடத்தில் இருக்கும் மக்கள்தான் நல்லாட்சியின் அடையாளமாகத் தெரிந்தது போலும். ஃபூஜியான் மாகாணத்தில் மலை அதிகம், வயல் குறைவு. கடல்தான் அங்கே வயல். அவர்களிடம் போய்க் கடலைத் தொடாதே என்றால்?

கடலைத் தொடாதே என்றால் என்ன ஆனது?

கள்ளக்கடத்தல் ஆனது. பிறகு கொள்ளை ஆனது. 1540களிலும் 1550களிலும் சீனக் கரையைச் சூறையாடியவர்களை 'ஜப்பானியக் கொள்ளையர்' என்று அரசு அழைத்தது. அவர்களில் பெரும்பகுதி சீனர்களே. பெயர் பெற்ற தலைவர் வாங் ஜி, ஜப்பானில் தளம் வைத்திருந்த சீன வணிகர். கரையோரப் பெரிய குடும்பங்கள் அவர்களுக்குப் பணமும் பாதுகாப்பும் கொடுத்தன.

ஜூ வான் என்ற நேர்மையான அதிகாரி 1548ல் கடத்தல்காரர்களின் துறைமுகத்தை அழித்தார். உடனே செல்வாக்குள்ளவர்கள் அவர்மீதே வழக்குப் போடவைத்தார்கள். 1550ல் அவர் தற்கொலை செய்துகொண்டார். வெளிநாட்டுக் கொள்ளையரை ஒழிப்பது எளிது, நம் நாட்டுக் கொள்ளையரை ஒழிப்பது கடினம், அங்கியும் தொப்பியும் அணிந்த கொள்ளையரை ஒழிப்பது எல்லாவற்றிலும் கடினம் என்ற பொருளில் அவர் எழுதியது வரலாற்றில் நிற்கிறது. கடைசியில் 1567ல் ஃபூஜியானின் யூவேகாங் துறைமுகத்தில் தனியார் வாணிபத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். கொள்ளையும் பெரிதும் அடங்கியது. போர்த்துக்கீசியர் அதற்குப் பத்தாண்டு முன்பே, 1557ல், சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரில் குடியேறிவிட்டார்கள். 1601ல் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி பெய்ஜிங்கில் குடியிருந்தார். அடுத்த ஆண்டு சீன எழுத்தில் உலக வரைபடம் வெளியிட்டார். மூடிய கதவு என்றால் இத்தனை பேர் எந்த வழியாக நுழைந்தார்கள்?

ஒரு பேரரசரையே எதிரி பிடித்துக்கொண்டு போனது உண்மையா?

உண்மை. 1449ல் 21 வயது ஜெங்தோங் பேரரசர், தன் அபிமான அண்ணகர் வாங் ஜென்னின் பேச்சைக் கேட்டு, ஒய்ராட் மங்கோலியத் தலைவர் எசென் மீது தானே படையெடுத்தார். திட்டமில்லை, உணவில்லை. திரும்பும் வழியில் தூமு என்ற இடத்தில் தண்ணீர்கூட இல்லாமல் சிக்கிக்கொண்டார்கள். படை அழிந்தது, வாங் ஜென் செத்தார், அரசர் கைதி.

அமைச்சர் யூ சியென் கலங்கவில்லை. அரசரின் தம்பியை அரியணையில் அமர்த்தி, பெய்ஜிங்கைக் காத்தார். விலை போகாத கைதியை எசென் அடுத்த ஆண்டே திருப்பி அனுப்பிவிட்டார். வந்தவரைத் தம்பி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வீட்டுக்காவலில் வைத்தார். 1457ல் அவர் அரியணையை மீண்டும் பிடித்தார். நாட்டைக் காத்த யூ சியென் தலை உருண்டது.

சீனப் பெருஞ்சுவர் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்று படித்தேனே?

சுவர் கட்டும் பழக்கம் பழையது. சுற்றுலாப் படத்தில் பார்க்கும் செங்கல் சுவரும் காவற்கோபுரங்களும் பெரும்பாலும் மிங் காலத்தவை. அதிலும் பெய்ஜிங்கை ஒட்டியவை 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 2009ல் வெளியான சீன அரசின் அளவீடு மிங் சுவரின் நீளத்தை 8,850 கிலோமீட்டர் என்கிறது. அதில் மலை, ஆறு போன்ற இயற்கைத் தடைகளும் அடக்கம். முந்தைய பதிலில் சொன்ன தூமு அடிக்குப் பிறகு மிங் அரசு எதிரியைத் தேடிப்போய் அடிக்கும் துணிவை இழந்தது. வாணிபம் செய்யவும் மனமில்லை. போரும் இல்லை, சந்தையும் இல்லை என்றால் மிஞ்சுவது சுவர்தான். 1550ல் மங்கோலியத் தலைவர் அல்தான் கான் பெய்ஜிங்கின் புறநகர் வரை வந்து கொள்ளையிட்டார். 1571ல் அவருக்குப் பட்டமும் எல்லைச் சந்தையும் கொடுத்தபோது பெரும் தொல்லை நின்றது. யூவேகாங் கதையேதான் இங்கும்.

வெள்ளிதான் மிங் வம்சத்தைக் கவிழ்த்தது என்கிறார்களே?

பாதி சரி. முதல் பேரரசர் 1375ல் காகிதப் பணம் வெளியிட்டார். அளவில்லாமல் அச்சடித்ததில் அது சில தலைமுறையில் மதிப்பிழந்தது. மக்கள் தாங்களாகவே வெள்ளிக்கு மாறினார்கள். ஜப்பானியச் சுரங்கத்திலிருந்தும், 1571க்குப் பின் மணிலா வழியே ஸ்பானிய அமெரிக்காவிலிருந்தும் வெள்ளி கொட்டியது. பட்டும் பீங்கானும் வெளியே போயின. அதே கப்பல் வழிகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் மிளகாயும் வந்தன.

வான்லி ஆட்சியின் முதல் பத்தாண்டில் நாட்டை நடத்திய ஜாங் ஜுஜெங், பலவகை வரிகளையும் உடல் உழைப்புக் கடமைகளையும் ஒன்றாக்கி வெள்ளியில் வசூலிக்கும் முறையை 1581ல் நாடு முழுவதும் கொண்டுவந்தார். கருவூலம் நிறைந்தது. ஆனால் நெல் விளைவிக்கிறவன் வரிக்காக வெள்ளி வாங்கவேண்டும். வெள்ளி அரிதானால் அவன் நெல்லின் விலை விழும். வரி மட்டும் விழாது. 1630களில் அந்த நெருக்கடி வந்தது. அது மட்டுமே கவிழ்த்தது என்று சொல்ல மாட்டேன்.

வான்லி அரசர் வேலைநிறுத்தம் செய்தாராமே?

கேட்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். 1572 முதல் 1620 வரை 48 ஆண்டுகள் அரியணையில் இருந்தவர், பின்பாதியில் அரசவைக்கு வருவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். காலியான பதவிகளை நிரப்பவில்லை, மனுக்களுக்குப் பதில் எழுதவில்லை. காரணம் பிள்ளைப்பாசம். மூன்றாவது மகனைப் பட்டத்து இளவரசராக்க விரும்பினார். மூத்தவனுக்கே உரிமை என்று அதிகாரிகள் பதினைந்து ஆண்டு மல்லுக்கட்டி, 1601ல் வென்றார்கள். அரசர் அதை மன்னிக்கவில்லை.

முழுச் சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. 1592ல் ஜப்பான் கொரியாவுக்குள் நுழைந்தபோது படை அனுப்பி, 1598 வரை போரை நடத்தினார். ஆனால் மூன்றாவது கேள்வியின் பதிலை இங்கே நினைத்துப் பாருங்கள். எல்லாம் அரசரிடமே வரவேண்டும் என்று கட்டிய வீட்டில், அரசர் கதவைச் சாத்திக்கொண்டால் வீடே நின்றுவிடுகிறது. உலகத்துக்கு மூடாத கதவு ஒன்று உண்மையில் மூடியது என்றால் அது அரண்மனைக்குள் இருந்த இந்தக் கதவுதான்.

அண்ணகர்கள்தான் ஆட்சியைக் கெடுத்தார்கள் என்பது சரியா?

வரலாறு எழுதியவர்கள் அண்ணகர்களின் பகையாளிகளான அதிகாரிகள் என்பதை மறக்காதீர்கள். வாங் ஜென்னும், 1620களில் எதிரிகளைச் சிறையில் வதைத்துக் கொன்ற வெய் ஜோங்சியானும் கொடியவர்கள்தான். ஜெங் ஹேயும் அண்ணகர்தானே? தலைமை அமைச்சர் இல்லாத அரசவையில், அரசருக்கும் அதிகாரிகளுக்கும் இடையே தாள் கொண்டுபோகிறவன் கையில் அதிகாரம் சேர்வது இயல்பு. தாள் எழுதப் படிக்க அவர்களுக்கு அரண்மனையிலேயே 1426ல் பள்ளியும் வைத்தார்கள்.

சரி, கடைசியில் ஏன்தான் வீழ்ந்தது?

பணமில்லை. உலகிலேயே பெரிய பொருளாதாரங்களில் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த அரசு, கையில் காசில்லாமல் செத்தது. முதல் பேரரசர் நிலவரியைக் குறைவாக வைத்தார். முன்னோர் விதி என்பதால் அதை உயர்த்துவது பெரும்பாவம். ஆனால் தன் சந்ததி பட்டினி கிடக்கக் கூடாது என்று, எத்தனை பேர் பிறந்தாலும் அத்தனை பேருக்கும் அரசு மானியம் என்று எழுதிவைத்தார். அவருக்கே மகன்கள் 26 பேர். பெருகாமல் என்ன செய்யும்? 1562ல் லின் ருன் என்ற அதிகாரி கணக்குக் காட்டினார். தலைநகருக்கு ஆண்டுதோறும் வரும் தானியம் 40 லட்சம் ஷி. இளவரசர் குடும்பங்களுக்குக் கொடுக்கவேண்டிய மானியம் 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி. ஷி என்பது அவர்களின் தானிய அளவை. மேலே சொன்ன பசி நினைவிருக்கிறதா? தன் வீட்டுக்குச் சோறு உறுதிசெய்தவர் நாட்டின் பானையை ஓட்டையாக்கிவிட்டார்.

அதன்மேல் இயற்கையும் சாய்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் குளிர் கூடியது. 1630களின் இறுதியில் வடக்கே வறட்சி மேல் வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய். வடகிழக்கில் மஞ்சுத் தலைவர் நூர்ஹாச்சி 1616ல் தனி அரசு அறிவித்து, 1619ல் சார்ஹூ போரில் மிங் படையைச் சிதறடித்தார். போருக்காக 1618 முதல் கூடுதல் வரி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று. வரி விழுந்த இடமோ வறண்ட வயல்.

சிக்கனம் என்று 1629ல் அஞ்சல் நிலையங்களில் ஆட்குறைப்பு செய்தார்கள். வேலை போனவர்களில் ஒருவர் ஷான்சியைச் சேர்ந்த லி ஜிசெங். அவர் கலகக்காரர் ஆனார். 1641ல் லுவோயாங் நகரைப் பிடித்து அங்கிருந்த இளவரசரைக் கொன்றார். அந்த இளவரசர், வான்லி எந்த மகனுக்காக வேலைநிறுத்தம் செய்தாரோ அதே மகன்! அவரை மானிறைச்சியோடு சமைத்துத் தின்றார்கள் என்ற கதையை நம்பத் தேவையில்லை. பஞ்சத்தில் கிடந்த ஊரில் அவரிடம் மலைபோல் சொத்து குவிந்திருந்தது என்பது போதும்.

கடைசி அரசர் நல்லவர், பாவம் என்கிறார்களே?

சோங்ஜென் உழைப்பாளி, சிக்கனக்காரர். ஆனால் பொறுமையும் நம்பிக்கையும் இல்லை. 17 ஆண்டுகளில் சுமார் 50 மூத்த அமைச்சர்களை மாற்றினார். 1626ல் நூர்ஹாச்சியைப் பீரங்கி வைத்து முறியடித்த தளபதி யுவான் சோங்ஹுவானைச் சந்தேகப்பட்டு, 1630ல் உடலைத் துண்டு துண்டாக வெட்டும் தண்டனை கொடுத்தார். மூதாதையின் சந்தேகம் வந்தது, அவருடைய திறமை வரவில்லை.

1644 ஏப்ரல் 25 அன்று லி ஜிசெங்கின் படை பெய்ஜிங்குக்குள் வந்தது. அதற்கு முந்தைய இரவில் அரசி தூக்கிட்டுக்கொண்டார். அரசர் தன் மகளை வாளால் வெட்டினார், அவள் கை போனது. விடியலில் அரண்மனைக்குப் பின்னிருக்கும் குன்றில் ஏறித் தூக்கிட்டுக்கொண்டார். வயது 33. உடன் இருந்தது வாங் செங்என் என்ற ஓர் அண்ணகர்.

மிங் தளபதி வூ சான்குய் ஒரு பெண்ணுக்காகவா நாட்டைக் காட்டிக்கொடுத்தார்?

அவருடைய காதலி சென் யுவான்யுவானைக் கலகக்காரர்கள் பறித்ததால் அவர் எதிரிக்கு வாயிலைத் திறந்தார் என்று பாட்டே இருக்கிறது. பாட்டுக்கு அது போதும். பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹாய் கோட்டையில் இருந்த அவருக்கு முன்னால் மஞ்சுப் படை, பின்னால் லி ஜிசெங்கின் படை. அவர் தந்தை லியின் கையில். பெய்ஜிங்கில் லியின் ஆட்கள் அதிகாரிகளை வதைத்து வெள்ளி பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மஞ்சுக்களைத் தேர்ந்தெடுத்தார். மே 27 அன்று லி தோற்றார். ஜூன் 3 அன்று பெய்ஜிங்கில் அவசரமாக முடிசூடி, மறுநாளே ஓடினார். ஜூன் 6 அன்று மஞ்சுக்கள் நுழைந்தார்கள்; நுழைந்தவர்கள் 1912 வரை போகவில்லை.

அப்படியானால் மிங் 1644ல் முடிந்துவிட்டதா?

பாடப்புத்தகத்தில் முடிந்துவிட்டது. தெற்கே இளவரசர்கள் ஒருவர்பின் ஒருவராக முடிசூடிப் போராடினார்கள். கடைசியானவர் பர்மாவுக்கு ஓடினார். அவரைப் பிடித்து வந்து 1662ல் கொன்றவர் அதே வூ சான்குய். ஃபூஜியான் கடல்வணிகக் குடும்பத்தின் கோக்சிங்கா அதே ஆண்டு டச்சுக்காரரிடமிருந்து தைவானைப் பறித்தார். அவர் வாரிசுகள் 1683 வரை மிங் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடல் மக்களின் காலில் முதல் பேரரசர் கயிறு கட்டினாரோ, அவர்கள்தான் அவர் வம்சத்தின் பெயரைக் கடைசிவரை தாங்கினார்கள். கோக்சிங்காவின் தந்தையே ஒரு காலத்தில் கடற்கொள்ளையர்.

மிங் கல்லறைகளைப் பார்க்கலாமா?

பெய்ஜிங்குக்கு வடக்கே 13 பேரரசர்களின் கல்லறைகள் ஒரே பள்ளத்தாக்கில் இருக்கின்றன. போய்வரலாம். அகழ்ந்து திறந்தது ஒன்றே ஒன்று, வான்லியுடையது. 1956ல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த பட்டாடைகள் காற்றுப் பட்டுக் கெட்டுப்போயின. 1966ல் கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர்கள் அவருடைய எலும்புகளையும் இரு அரசியரின் எலும்புகளையும் வெளியே இழுத்துப்போட்டு எரித்தார்கள். உயிரோடு இருந்தபோது அமைச்சர்கள் பல ஆண்டு கெஞ்சியும் வெளியே வராதவர் அவர்.